மாறும் சதுரமும் மாறாச் சதுரமும்

எழுதியது நிலைக்க வேண்டும் என்பதும், எழுதியதைக் காலத்துக்கேற்பத் திருத்திக்கொள்ள இயல வேண்டும் என்பதும் எழுத்தறிந்த சமுதாயங்கள் அனைத்திலும் ஒருங்கே நிலவிவரும் இரு வேட்கைகளாகும். முதலாவது வேட்கை கல்லைத் தேடிச் சென்றது. இரண்டாவது ஓலையைத் தேடிச் சென்றது. மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழ்வோர் இவ்விரண்டையும் ஒரே சொல்லுள் அடக்கிவிட்டனர். கோயில்களின் உரிமையையும் முறைமையையும் குடிவழியையும் கூறும் ஏடுகளை இப்பகுதியிற் ‘கல்வெட்டு’ என வழங்குவர். அவை கல்லில் வெட்டப்பட்டவை அல்ல. ஓலையில் எழுதப்பட்டு, ஏடு பழுதுற்ற காலத்தில் வேறோர் ஏட்டிற் பெயர்த்தெழுதப்பட்டுக் கைமாறி வந்தவை. பெயர் கல்லின் பெயர், பொருளோ ஓலை. இறந்தார் ஒருவரின் முப்பத்தோராம் நாட் கிரியையை ஒட்டி உறவினர் அச்சிட்டு வழங்கும் நினைவு மலரையும் ஈழத் தமிழர் கல்வெட்டு என்றே அழைக்கின்றனர். மறையக்கூடிய தாளொன்றுக்கு மறையாத கல்லின் பெயரைச் சூட்டியதில் எம்முன்னோரின் ஏக்கம் ஒன்று வெளிப்படுகின்றது எனலாம்.

அத்தகைய கல்வெட்டு ஒன்றைச் சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்தில் அச்சிட முற்பட்டபோது எழுந்த வினாவே இக்கட்டுரையின் பொருள். அம்மலரில் கியூ.ஆர். குறியீடு ஒன்றைப் பொறிப்பதென முடிவாயிற்று. எவ்வகைக் குறியீடு? பின்னர் மாற்றத்தக்கதா, என்றும் மாற்ற இயலாததா? அச்சகத்தார் கேட்ட இச்சிறு கேள்விக்கு விடைகாண எங்களுக்குப் பதினைந்து நாட்கள் தேவைப்பட்டன. பதினைந்து நாட்கள் அதிகம் என்று தோன்றலாம். வினாவின் உள்ளே புகுந்து பார்ப்போர்க்கு அவ்வாறு தோன்றாது.

களுவாஞ்சிக்குடி, மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக நீண்டுகிடக்கும் எழுவான்கரையின் தென்பகுதியில் உள்ள ஊர். மண்முனை தென் எருவில் பற்றின் பிரதேச செயலகமும் ஆதார வைத்தியசாலையும் இங்கு உள்ளன. பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து படுவான்கரையிலிருந்து வரும் மக்களுக்கும் இதுவே சந்தை. இதுவே மருந்துக்கும் வங்கிக்கும் உரிய இடம். இவ்வூரின் கடைத்தெருவில் இன்று ஒருவர் நடந்து செல்வாராயின், கறுப்பும் வெள்ளையுமான சதுரங்களைப் பத்தடிக்கு ஒன்றாகக் காண்பார். பலசரக்குக் கடையின் காசுமேசையில் ஒன்று. மருந்துக் கடைக் கண்ணாடியில் ஒன்று. தனியார் வகுப்பு விளம்பரத்தில் ஒன்று. திருமண அழைப்பிதழில் ஒன்று. பார்வைக்கு இவை யாவும் ஒரே தன்மையன. ஆயினும் இவற்றுட் சில தம்முள் எழுதப்பட்டதையே என்றும் கூறுவன. வேறு சில, எங்கோ தொலைவிலிருக்கும் ஒருவர் இன்று சொல்லச் சொன்னதைச் சொல்வன. இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலனாவதில்லை என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இக்குறியீடு 1994இல் யப்பானில் உருவானது. ரொயோட்டா நிறுவனக் குழுமத்தைச் சேர்ந்த டென்சோ நிறுவனத்தில் பணியாற்றிய ஹரா மசாஹிரோ என்னும் பொறியியலாளரும் அவர்தம் குழுவினரும், மோட்டார் வாகன உதிரிப்பாகங்களை இனங்காண்பதற்காக இதனை வகுத்தனர். கோடுகளாலான பழைய குறியீட்டில் இருபது எழுத்துக்களளவே அடங்கின. ஒரே பெட்டியின்மீது பல கோட்டுக் குறிகளை ஒட்டி ஒவ்வொன்றாக வாசிக்கவேண்டியிருந்தது. யப்பானியர் விளையாடும் ‘கோ’ ஆட்டத்தின் கறுப்பு வெள்ளைக் காய்கள் பரவிய பலகை இப்புதிய வடிவத்துக்கு ஒரு தூண்டுதலாயிற்று என ஹரா கூறியுள்ளார். மூலைகள் மூன்றில் அமைந்துள்ள பெருங்கட்டங்கள், சதுரம் எப்பக்கம் திரும்பியிருப்பினும் கருவி அதனை அறிந்துகொள்வதற்கானவை. அவற்றைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பின் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் அமையும். அச்சிட்ட தாள்களிற் பிற உருவங்களில் மிக அரிதாகவே தோன்றும் விகிதம் எதுவெனத் தேடி அதனைத் தேர்ந்தனர். டென்சோ தன் காப்புரிமையை உலகின்மீது பிரயோகிக்காது விட்டமையால், குறியீடு எல்லார்க்கும் பொதுவாயிற்று. 2000ஆம் ஆண்டில் அனைத்துலகத் தரநிலையும் ஆயிற்று.

சதுரம் நாற்பது அளவுகளில் வரும். மிகச் சிறியது பக்கத்துக்கு 21 கட்டங்கள். மிகப் பெரியது 177. தாள் கிழிந்தோ கறைபட்டோ போனாலும் வாசிப்பதற்கென ஒரே செய்தியின் காப்புப் பகுதிகள் உள்ளேயே சேர்க்கப்படுகின்றன. அக்காப்பு நான்கு நிலைகளில் உண்டு: ஏறத்தாழ 7, 15, 25, 30 வீதச் சேதத்தை அவை முறையே தாங்கும். காப்பு கூடினால் செய்திக்குரிய இடம் குறையும். செய்தி கூடினால் கட்டங்கள் நுணுகும்.

இனி, இருவகைக்கும் உள்ள வேறுபாட்டைக் காண்போம். மாறாக் குறியீட்டில், நாம் கூற விழைந்தது எதுவோ அதுவே கட்டங்களாக எழுதப்படுகின்றது. ஒரு பெயர், ஒரு தொலைபேசி இலக்கம், ஓர் இணைய முகவரி, ஒரு சிறு பாடல், எதுவாயினும் அதனை அழிக்கவோ திருத்தவோ ஒருவராலும் இயலாது. மாறும் குறியீடு எனப்படுவதிலோ, கட்டங்களில் எழுதப்பட்டிருப்பது இடையாள் ஒருவரின் குறுமுகவரி மாத்திரமே. அச்சதுரத்தை நோக்கிக் கைத்தொலைபேசியைப் பிடித்ததும், அது முதலில் இடையாளின் கணினிக்குச் செல்லும்; “இச்சதுரத்துக்கு உரியது இன்று எங்கே?” என வினவும், அக்கணினி காட்டிய திசையிற் பின்னர் செல்லும். ஆகவே, மாறும் சதுரம் என்ற பெயர் சற்று மயக்கம் தருவது. அச்சிட்ட சதுரம் எதுவும் மாறுவதில்லை. மாறுவது, வழியில் நிற்கும் ஒருவர் சுட்டிக்காட்டும் விரல்.

இந்த உண்மையை எம்மக்கள் நூல்வழி அறிந்தாரல்லர்; எரிபொருள் வரிசையில் நின்று அறிந்தனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், பெற்றோலுக்கும் டீசலுக்குமாக நாட்கணக்கில் வரிசைகள் நீண்டன. அவ்வாண்டு யூலையில் தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம் என்ற திட்டத்தை அரசாங்கம் ஆரம்பித்து, வாகனமொன்றுக்கு ஒரு குறியீடாக வழங்கியது. தொடக்கத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர், காருக்கும் வானுக்கும் 20 லீற்றர் என அளவு வகுக்கப்பட்டது. களுவாஞ்சிக்குடியிலும் அயலூர்களிலும் அக்குறியீட்டைத் தாளில் அச்சிட்டு, பிளாஸ்ரிக் உறையிட்டு, வண்டியின் சாவிக் கொத்தோடு மாட்டிக்கொண்டு மக்கள் திரிந்தனர். படுவான்கரையில் உழவு இயந்திரம் வைத்திருந்தோர்க்கு அந்தத் தாள் காணி உறுதிக்கு அடுத்த பெறுமதியுடையதாயிற்று.

இத்தாளிற் பொறித்திருந்தது லீற்றர் கணக்கு அன்று. வாகனம் இன்னதென்று காட்டும் அடையாளமே. எஞ்சியுள்ள அளவு எவ்வளவு என்பது கொழும்பின் கணினியில் இருந்தது. நான்கு லீற்றரை அடித்து முடித்தவரின் தாளும், இன்னும் ஒரு துளியும் அடியாதவரின் தாளும் பார்வைக்கு ஒன்றே. வாரம் புதிதாகப் பிறக்க, பழைய தாளே புதிய உரிமையைப் பெறும். 2023இல் அளவுகள் உயர்த்தப்பட்டபோதும் எவரும் வேறு தாள் அச்சிடவேண்டியிருக்கவில்லை. அவ்வாண்டு செப்டெம்பரில் ஒதுக்கீட்டுமுறை நிறுத்தப்பட்டபோது, இலட்சக்கணக்கான சதுரங்கள் ஒரே நாளிற் பொருளற்றுப்போயின. தாள்களில் ஒரு புள்ளியேனும் மாறவில்லை. மாறும் குறியீட்டின் முழு நன்மையையும் முழு இயல்பையும் இதனினும் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டு வேறில்லை. அதிகாரம் தாளில் இல்லை. தாள் கேட்கும் இடத்தில் இருக்கின்றது.

கடைகளிற் காணப்படும் லங்கா கியூ.ஆர். என்பது இதற்கு மறுதலையான பாடத்தைத் தருவது. மத்திய வங்கி 2020இல் நாடளாவிய இயக்கமாக முன்னெடுத்த இக்கொடுப்பனவு முறையில், கடைக்காரர் மேசையில் ஒட்டியிருக்கும் அட்டை மாறாக் குறியீடாகும். அதனுள் கடையின் அடையாளம், இலங்கை ரூபாவைக் குறிக்கும் 144 என்னும் இலக்கம், நாட்டுக் குறி, கடை அமைந்த ஊரின் பெயர் என்பன அப்படியே எழுதப்பட்டிருக்கும். தொகை இராது; வாங்குபவரே அதனை இடுவார். பெருங்கடைகளில், இயந்திரத்தின் திரையில் ஒவ்வொரு விற்பனைக்கும் வெவ்வேறு குறியீடு தோன்றும். தொகையும் அதனுள் அடங்கியிருக்கும். இரண்டாவதை வங்கியார் ‘மாறும் குறியீடு’ என்பர். ஆயின், இது முன்னர்க் கூறிய இடையாள்முறை அன்று. ஒவ்வொரு முறையும் புதிதாக வரையப்படும் சதுரம். ஒரே சொல் இரு பொருளில் வழங்குவதால், வணிகர் பலர் விளம்பரக் குறியீடு விற்போரிடமும் வங்கியாரிடமும் ஒன்றையே கேட்பதாக எண்ணி மயங்குகின்றனர்.

காசுமேசையின் அட்டை மாறாததாக இருப்பது ஏன் நன்று? பணம் சென்றடையும் இடத்தைக் கடவுச்சொல் ஒன்றின் வலிமையால் ஒருவர் மாற்றிவிடக்கூடாது என்பதனால். அட்டையின்மீது வேறோர் அட்டையை ஒட்டி ஏமாற்றுவோர் உலகெங்கும் உளர். ஆயின் அதனைக் கண்ணால் பார்த்தும் விரலாற் தடவியும் அறியலாம். மாறும் குறியீட்டின் கடவுச்சொல் களவு போயின், ஒட்டிய அட்டைகள் அனைத்தும் ஒரே கணத்தில் வேறிடத்தைச் சுட்டும். கண்ணும் விரலும் அதனை அறியா. மாறாக, உணவுக்கடை ஒன்றின் விலைப்பட்டியலுக்கு மாறும் குறியீடே பொருத்தமானது. 2022 செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தை அண்மிய நாட்களில், அச்சிட்ட விலைகள் மை காயுமுன் பழசாகின. இவ்வாறாக, எது சிறந்தது என்ற வினாவுக்குப் பொதுவிடை இல்லை. எதற்கு என்ற வினாவே முதல் வினா.

இனி எங்கள் கல்வெட்டுக்கு வருவோம். அம்மம்மா தொண்ணூறு வயதைத் தாண்டி மறைந்தார். எழுதப் படிக்க அதிகம் அறியாதவர். ஆயினும் தாலாட்டும் ஊஞ்சற்பாட்டும் வைகாசிக் குளிர்த்திக் காலத்து அம்மன் பாடல்களும் அவர் நெஞ்சில் நிறைந்திருந்தன. 1978 நவம்பர்ச் சூறாவளியில் கூரை பறந்த இரவைப் பற்றியும், 2004 டிசெம்பரில் கடல் ஊருக்குள் வந்த காலையைப் பற்றியும் அவர் சொல்லக் கேட்டோர், மறவார். பெரியம்மாவின் மகன் சுவிற்சர்லாந்திலிருந்து வந்த விடுமுறைகளில் இவற்றைக் கைத்தொலைபேசியிற் பதிவு செய்து வைத்திருந்தார். மொத்தம் நாற்பது நிமிடங்கள். அக்குரலைக் கல்வெட்டிற் சேர்ப்பதற்குச் சதுரம் ஒன்றே வழி. குரலைச் சதுரத்துள் அடக்க இயலாது. குரல் இருக்கும் இடத்தையே அது சுட்டவேண்டும்.

அண்ணன் அங்கிருந்தே தீர்ப்பை அனுப்பினார். “தம்பி, மாத்தக்கூடியதையே போடு. வம்சாவளியில பிழை இருந்தாலும் புதுப் பிள்ளையள் பிறந்தாலும் நான் இங்க இருந்தே திருத்திப்போடுவன்.” வருடக் கட்டணத்தைத் தாமே செலுத்துவதாகவும், எத்தனை பேர் எந்நாட்டிலிருந்து கேட்டனர் என்பதையும் அறியலாம் எனவும் அவர் கூறினார். அவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. கல்வெட்டு அச்சிட்ட குடும்பங்களுக்கு, விடுபட்ட ஒரு பெயர் எத்தனை ஆண்டுப் பகையாக வளரும் என்பது தெரியும். தாய்வழிக் குடிமுறை வேரூன்றிய இப்பகுதியில், ஒரு பெண்ணின் பெயர் தவறிப்போவது ஒரு கிளையே தவறிப்போவதற்கு ஒப்பாகும். மேலும், குறுமுகவரி சிறிதாகையால் கட்டங்கள் பெரியனவாக அமையும். மங்கிய அச்சிலும் முதியவரின் நடுங்கும் கையிலும் எளிதில் வாசிக்கப்படும்.

மூத்த மாமா இதனை ஏற்கவில்லை. “மருமகன், கல்வெட்டெண்டா வெட்டினது வெட்டினதுதான். நாளைக்கு ஆரு மாத்துவானெண்டு ஆருக்குத் தெரியும்?” என்றார். அவர் ஐயத்துக்கு ஊரிலேயே சான்று இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர் அயலூர் மன்றமொன்று தன் ஆண்டு மலரிற் புகைப்படத் தொகுப்புக்காகச் சதுரம் ஒன்றைப் பொறித்தது. அச்சிட்டுக் கொடுத்தவர், பணமின்றிக் கிடைத்த வெளிநாட்டுச் சேவை ஒன்றில் அதனை ஆக்கியிருந்தார். இலவசக் காலம் முடிந்தபின் அச்சதுரத்தை நோக்குவோர்க்குக் கட்டணம் கேட்கும் அறிவித்தல் ஒன்றே தோன்றலாயிற்று. ஐந்நூறு பிரதிகள் வீடுகளில் உள்ளன. ஒவ்வொன்றிலும் அச்சதுரம் உள்ளது. படங்கள் மாத்திரம் இல்லை. மாறாக் குறியீட்டுக்கு எவரும் வாடகை கேட்க முடியாது என்பதை மன்றத்தார் பின்னரே அறிந்தனர்.

சிறு சேவைகளுக்கே இக்கதி நேரும் என எண்ணுதல் தவறு. கூகுள் நிறுவனம் 2009இல் ஆரம்பித்த குறுமுகவரிச் சேவையை 2018இற் புதியோர்க்கு மூடியது. பழைய முகவரிகள் யாவும் 2025 ஓகஸ்டுடன் செயலிழக்கும் என 2024இல் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்தபின், அண்மையிற் பயன்பாட்டிலிருந்தவற்றை மாத்திரம் காப்பதாகக் கூறி, எவரும் நாடாதிருந்தவற்றைக் கைவிட்டது. இங்குதான் நினைவு மலருக்குரிய ஆபத்து ஒளிந்துள்ளது. நினைவு மலரை எவரும் நாள்தோறும் நாடுவதில்லை. அது பெட்டியில் உறங்கும். இருபது ஆண்டுகளின் பின் பேரப்பிள்ளை ஒருத்தி அதனை எடுத்து விரிப்பாள். நாடப்படாமை காரணமாக அழிக்கும் விதி, நினைவின் இயல்புக்கே முரணானது.

அண்ணன் நன்மையெனக் கூறிய கணக்கெடுப்பும் எனக்குத் தயக்கத்தைத் தந்தது. எவர், எந்நேரம், எவ்வூரிலிருந்து ஒரு நினைவு மலரைத் திறந்தார் என்பதை அறியாத மூன்றாமவர் ஒருவரின் கணினி ஏன் குறித்துவைக்க வேண்டும்? விளம்பரத்துக்கு அது வேண்டியதாகலாம். ஆயின் வாவித் துறைகளிலும் பாலங்களிலும் அடையாள அட்டையைக் காட்டிப் பெயர் பதிந்து கடந்த தலைமுறை எங்களுடையது. பட்டியல் என்னும் சொல்லின் பாரத்தை அறிந்தோர், அழுவதற்கு வருபவர்களைப் பட்டியலிட உடன்படார்.

எனவே மாமாவின் பக்கமே சரி என்று முடிவுகட்டலாமோ எனில், அதுவும் எளிதன்று. மாறாக் குறியீட்டில் எழுதப்படுவது ஓர் இணைய முகவரியாயின், குறியீடு சாகாது. ஆனால் முகவரி சாகலாம். யாகூ நிறுவனம் 2009இல் ஜியோசிற்றிஸ் தளத்தை மூடியபோது, மக்கள் தாமே ஆக்கிய பல இலட்சம் பக்கங்கள் ஒருங்கே மறைந்தன. அவற்றுக்கு இட்டுச்சென்ற முகவரிகளில் ஓர் எழுத்தும் பிழையில்லை. வீடு இடிந்தபின் வீட்டிலக்கம் சரியாயிருந்து என்ன பயன்? மாறும் குறியீட்டில் இரண்டு கதவுகள் திறந்திருக்கவேண்டும். மாறாக் குறியீட்டில் ஒன்று திறந்திருந்தாற் போதும். வேறுபாடு அவ்வளவே.

ஒரு கதவும் வேண்டாத வழி ஒன்று உண்டா என ஆராய்ந்தேன். முகவரிக்குப் பதிலாகப் பாடலையே சதுரத்துள் எழுதிவிடலாம். அப்போது இணையமும் வேண்டா, இடையாளும் வேண்டா. ஆயின் இங்கு எம்மொழிக்கு ஒரு தடையுண்டு. சதுரம் பைட் என்னும் அலகால் அளக்கப்படுவது. ஆங்கில எழுத்தொன்று ஒரு பைட் கொள்ளும். கணினி வழக்கில் தமிழின் உயிரெழுத்தோ அகரமேறிய மெய்யோ மூன்று பைட் கொள்ளும். புள்ளியோ கொம்போ சேர்ந்தால் ஆறு. ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல் பதினைந்து பைட். அதனையே ஆங்கிலத்தில் எழுதின் ஐந்து. மிகப் பெரிய சதுரம் கொள்வது 2953 பைட். ஆனால் அத்துணை நுண்ணிய கட்டங்களைச் சாதாரணக் கைத்தொலைபேசி வாசிக்கத் திணறும். பக்கத்துக்கு 117 கட்டங்களுடையதாய், 15 வீதச் சேதத்தைத் தாங்கும் நிலையில் அமைத்தால் 997 பைட் கிடைக்கும். ஆறு சென்ரிமீற்றர் அகலத்தில் அச்சிடின், கட்டம் ஒன்று ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். அதனுள் தாலாட்டின் சில அடிகள் அடங்கும்.

இக்கணக்கைக் கண்ட மாமா சிறிது நேரம் மௌனமாயிருந்து, “அந்தச் சில அடிய எழுத்திலயே அச்சடிச்சா என்ன?” என்றார். அதற்கு மறுமொழி இல்லை. தாளில் அச்சிட்ட தமிழெழுத்தைவிட உறுதியான மாறாக் குறியீடு எது? அதனை வாசிக்கும் கருவி நம் முகத்திலேயே உள்ளது. அதற்கு மின்னேற்றம் வேண்டா. தாலாட்டு முழுவதும் ஈரெட்டுப் பக்கத்துள் எழுத்தாகவே அடங்குமாயின் அதனைச் சதுரத்துள் மறைப்பானேன்? சதுரம், எழுத்தால் ஆகாத ஒன்றுக்கு மட்டுமே வேண்டும். அது குரல்.

வினாவைத் தெளிவுபடுத்தியவர் இதுவரை ஒன்றும் பேசாதிருந்த பெரியம்மா. “அம்மா பாடினத மாத்தேலா மனே, அது இரிக்கிற இடத்த மாத்தலாம்தானே” என்றார். நாங்கள் இருசாராரும் ஒன்றாகக் குழப்பிவைத்த இரண்டை அவர் ஒரே வாக்கியத்திற் பிரித்துவிட்டார். மாமா அஞ்சியது பொருள் மாறுவதை. அண்ணன் வேண்டியது இடம் மாறும் வசதியை. இவை பகையல்ல.

உலக அறிஞர் இதே முடிவுக்கு வேறு வழியால் வந்துள்ளனர். ஆய்வுக் கட்டுரைகளுக்கு 2000ஆம் ஆண்டுமுதல் வழங்கப்பட்டுவரும் டி.ஓ.ஐ. என்னும் நிலையான அடையாள இலக்கத்தை இந்நூலின் வாசகர் பலரும் அறிவர். கட்டுரைக்கு வழங்கிய இலக்கம் மாறாது. கட்டுரை இருக்கும் கணினி மாறின், பதிப்பாளர் பதிவேட்டிற் புதிய இடத்தைக் குறிக்கக் கடமைப்பட்டவர். இயக்க முறையை நோக்கின் இதுவும் இடையாளைக் கொண்ட மாறும் குறியீடே. எனினும் இதனை நம்புகிறோம். விளம்பரச் சேவையை நம்புவதில்லை. காரணம் பொறியியலில் இல்லை. இங்கே இடையாள், காப்பதையே கடமையாக ஏற்ற நிறுவனம்; அங்கே இடையாள், கட்டணம் நின்றால் விரலை மடக்கிக்கொள்ளும் வணிகன். ஓலைக் கல்வெட்டுக்கள் பல தலைமுறைக்கு நின்றதும் ஓலையின் வலிமையால் அன்று. அவற்றைப் பெயர்த்தெழுதும் கடமையை ஏற்ற கோயிலும் குடியும் இருந்தமையால் அவை நின்றன.

அவ்வாறாயின் எமக்கு வேண்டியது காக்கும் கடமையை ஏற்ற ஓரிடம். 2005இல் ஆரம்பிக்கப்பட்ட ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் நினைவு மலர்களையும் இலக்கமிட்டுத் திரட்டிவருகின்றது. அத்தகைய பொது ஆவணகத்தில் கல்வெட்டையும் ஒலிப்பதிவையும் ஒப்படைத்து, அங்கு கிடைக்கும் முகவரியை மாறாக் குறியீடாகப் பொறிப்பது என முடிவு செய்தோம். முகவரியைச் சதுரத்தின் கீழ் எழுத்திலும் அச்சிட்டோம். கருவி வாசிக்க மறுத்தால் கையால் தட்டலாம். காப்பு நிலையை 25 வீதமாக வைத்தோம். ஏனெனில் இக்கரையின் உப்புக் காற்றும் கறையானும் தாளை நீண்டகாலம் சும்மா விடுவதில்லை. ஒலிப்பதிவின் பிரதிகளைக் குடும்பத்தின் நான்கு வீடுகளிலும் வைத்தோம். அவற்றுள் ஒன்று கடலுக்கு அப்பால் இருப்பது, சூறாவளியும் ஆழிப்பேரலையும் கண்ட ஊரவர்க்கு ஓர் ஆறுதல்.

அண்ணனின் கோரிக்கை எஞ்சியிருந்தது. பிறக்கப்போகும் பிள்ளைகளின் பெயருக்கும் திருத்தத்துக்கும் வழி என்ன? கல்வெட்டின் இறுதியில் நான்கு வெற்றுப் பக்கங்களைக் கோடிட்டு விட்டோம். ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் கையால் எழுதிக்கொள்வர். எழுதியவர் யார் என்பது கையெழுத்திலேயே தெரியும்; முன்னிருந்தது அழியாமல் புதியது சேரும். கணினியில் நிகழும் திருத்தத்தில் இவ்விரண்டும் எளிதிற் கைகூடுவதில்லை.

இவ்வநுபவத்திலிருந்து நான் பெற்ற அளவுகோல் மூன்று ஆயுட்களை ஒப்பிடுவது. தாளின் ஆயுள் எவ்வளவு? செய்தியின் ஆயுள் எவ்வளவு? இடையில் நின்று வழிகாட்டுபவரின் ஆயுள் எவ்வளவு? தாள் நீடித்து, செய்தி விரைவில் மாறுமாயின் மாறும் குறியீடு தகும்: உணவுக்கடைப் பட்டியல், பேருந்து நேரசூசி, எரிபொருள் ஒதுக்கீடு போல்வன. செய்தி மாறக்கூடாததாயின் மாறாக் குறியீடு தகும்: பணம் சேரும் கணக்கு, சான்றிதழ், நினைவு. இடையாளின் ஆயுள் தாளின் ஆயுளிற் குறைந்ததாயின், எத்துணை வசதி தரினும் அவரை நம்பி அச்சிடலாகாது. இலவசம் என்பது ஆயுளைப் பற்றி ஒன்றும் கூறாத சொல்.

பல்கலைக்கழகத்தாராகிய எமக்கும் இதிற் பங்குண்டு. ஆய்வேடுகளிலும் மாநாட்டு மலர்களிலும் தமிழ்ச் சங்கங்களின் ஆண்டிதழ்களிலும் சதுரங்கள் பெருகி வருகின்றன. நாட்டார் பாடல்களைக் களத்தில் ஒலிப்பதிவு செய்யும் மாணவர், பாடலின் எழுத்துருவை இணைப்பிற் சேர்க்காது சதுரத்தை மாத்திரம் ஒட்டி ஆய்வேட்டைக் கையளிப்பதைக் காண்கிறோம். அச்சதுரத்தின் பின்னால் நிற்பது எவருடைய கணினி, அதன் வாடகையை அடுத்த ஆண்டு எவர் செலுத்துவர் என்று கேட்பது மேற்பார்வையாளரின் கடமைகளுள் ஒன்றாதல் வேண்டும். மாணவர் பட்டம் பெற்றுச் செல்வர்; அவர்தம் கடவுச்சொல் அவரோடு செல்லும்; பாடியவர் ஏற்கெனவே மண்ணுக்குச் சென்றிருப்பார். பல்கலைக்கழக நூலகம் தன் பெயரில் ஒரு முகவரியை ஏற்படுத்தி, அதன்கீழ் இவ்வொலிகளை ஏற்று இலக்கமிடுமாயின், அன்றுதான் அவ்வாய்வேடுகளில் ஒட்டப்பட்ட சதுரங்களுக்கு ஒரு காப்பாளர் இருப்பார்.